நடை மாறும் இடம்

வலது காதில் மண்டபம், இடது காதில் அடுத்த பாட்டு. என் பிழைப்பு இந்த இரண்டு காதுகளுக்கும் நடுவிலுள்ள ஒரு சாண் இடத்தில்தான் நடக்கிறது. ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தை மட்டும் காதில் பொருத்தி, மறுபக்கத்தைப் பின்னால் தள்ளிவிட்டு, கழுத்தைச் சாய்த்து நிற்கும் டிஜேவைப் பார்த்து "சீன் போடுறான்" என்பார்கள். சீனும் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாய்ந்த கழுத்துக்குள் நடப்பது, கச்சேரி தொடங்குமுன் தம்புராவின் பிரடையை மயிரிழை மயிரிழையாகத் திருகிக்கொண்டிருப்பவரின் வேலை.

இரண்டு பாட்டுகளின் தட்டுகளையும் ஒன்றாகச் சேர்க்கும் இந்த வேலைக்கு எங்கள் ஆட்கள் இரண்டே சொற்கள் வைத்திருக்கிறார்கள். சேர்ந்துவிட்டால் "பீட் உக்காந்துடுச்சு." சேரவில்லை என்றால் "பீட் இடிக்குது." ஒரே உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் பார்த்திருந்தால் இந்தச் சொல் எவ்வளவு பொருத்தம் என்று விளங்கும். கொஞ்சம் பிசகினால் உலக்கையும் உலக்கையும்தான் மோதும், நெல் அப்படியே கிடக்கும்.

அந்த இடிப்பு திடீரென்று வருவதில்லை. 128 பி.பி.எம்.இல் ஓடும், ஹவுஸ் என்ற நடன இசை டிராக்குகள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 128 தட்டு. ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏறக்குறைய 469 மில்லி விநாடி. ஒன்று 128இலும் மற்றது 128.1இலும் ஓடினால், ஒரே நிமிடத்தில் இரண்டுக்கும் நடுவே 47 மில்லி விநாடி விழுந்துவிடும். முதலில் கிக்கின், அந்த அடித்தட்டின், மேல் ஒரு தோல் படர்ந்தது போலிருக்கும். ஓசை கொஞ்சம் தடிக்கும், அவ்வளவுதான். ஆடுகிறவர்களுக்கு அது பிடிக்கக்கூடச் செய்யலாம். பிறகு அந்த ஓசை உள்வாங்கும், வெறுங்குடத்துக்குள் வாயை வைத்துப் பேசியது மாதிரி. கடைசியில் ஒரு தட்டு இரண்டாகப் பிளந்து 'த-தம், த-தம்' என்று நொண்டும். கூட்டத்தில் யாருக்கும் காரணம் தெரியாது. ஆனால் தோள்கள் மட்டும் ஒரே நேரத்தில் தயங்குவதை மேடையிலிருந்து பார்க்கலாம்.

எனக்குப் பிடித்தது நடுவில் வரும் அந்தக் குடத்து ஓசை. சொன்னால் தொழில் தெரியாதவன் என்பார்கள். விலகிக்கொண்டிருக்கும் டிராக்கை விரல் நுனியால் ஒரு நெருடு நெருடி முன்னால் தள்ளும்போது, ஹை-ஹாட் சிம்பல்கள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்கி, மேலே விமானம் போவது போல 'ஷ்ஷூ' என்று ஒரு சுழிப்பு கேட்கும். வெறுமையிலிருந்து நிறைவுக்கு ஓசை திரும்பும் அந்த அரை விநாடியை எந்தப் பாட்டிலும் எந்த இசையமைப்பாளரும் எழுதி வைக்கவில்லை. அது இரண்டு பாட்டுக்கும் சொந்தமில்லாதது. அந்த ராத்திரிக்கு மட்டும் உண்டானது.

இப்போதைய கருவிகளில் சிங்க் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் இதெல்லாம் தானாக நடக்கும். கல்யாணங்களில் நானும் அழுத்துகிறேன். பெண்ணின் மாமா ஒரு பக்கமும் போட்டோகிராபர் மறுபக்கமும் நின்று ஆளுக்கொரு பாட்டு கேட்கும்போது மில்லி விநாடியோடு மல்லுக்கட்ட எனக்கும் ஆசை வருவதில்லை. வீட்டில் மட்டும் அந்தப் பட்டன் இல்லாத ஒரு ஜோடி வைத்திருக்கிறேன்.

டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 எம்.கே. 2. 1979இல் வந்த டர்ன்டேபிள். என்னுடையது பழையதாக வாங்கியது, மூடியில் கீறல் நிறைய. இதில் பெல்ட் கிடையாது. தட்டைச் சுற்றும் மோட்டார் நேரே தட்டின் அடியிலேயே உட்கார்ந்திருக்கிறது. பட்டனை அழுத்தினால் 0.7 விநாடியில் முழு வேகம். கையால் பிடித்து நிறுத்தினாலும் விரலை எடுத்த மாத்திரத்தில் மறுபடி அதே வேகம். தட்டின் விளிம்பில் நான்கு வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். ஓரத்திலுள்ள சின்னச் சிவப்பு விளக்கு துடித்துத் துடித்து அவற்றின் மேல் விழும்போது, வேகம் சரியாக இருந்தால் ஒரு வரிசைப் புள்ளிகள் மட்டும் ஓடாமல் அப்படியே நிற்கும். தட்டு நிமிடத்துக்கு 33 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது, புள்ளி அசையாமல் நிற்கிறது. மின்விளக்கை அணைத்துவிட்டு இதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இதற்குப் பாட்டுகூட வேண்டியதில்லை.

வலது பக்கம் ஒரு நீளமான சறுக்கு உண்டு. மேலேயும் கீழேயும் 8 சதவீதம் வரை வேகத்தை மாற்றலாம். வேகம் கூடினால் சுருதியும் கூடும், அதுதான் ரெக்கார்டின் இயல்பு. ஏறத்தாழ 6 சதவீதம் ஏற்றினால் பாட்டு அப்படியே ஒரு அரைச்சுரம் மேலே போய்விடும். நம் கணக்கில் ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டைக்கு வந்துவிடுகிறார். டிஜிட்டலில் சுருதியைப் பூட்டி வைத்துவிட்டு வேகத்தை மட்டும் மாற்றலாம், வசதிதான். ஆனால் கூர்ந்து கேளுங்கள்: கிக்கின் முனை கொஞ்சம் மழுங்கியிருக்கும். பென்சிலைச் சீவாமல் எழுதிய எழுத்து போல. ரெக்கார்டில் சுருதி போனால் போகிறது என்று விட்டுவிடுகிறார்கள், முனை அப்படியே இருக்கிறது. ஏதாவது ஒன்றை இழக்கத்தான் வேண்டும் என்றால் எனக்குச் சுருதியை இழப்பதில் வருத்தமில்லை. பாடகர்கள் மன்னிக்கட்டும்.

ஊசி பற்றி ஒரு கதை. நியூயார்க்கில் கிங் தெருவில் 1977 முதல் 1987 வரை பாரடைஸ் கராஜ் என்ற நடனக்கூடம் இருந்தது. பெயருக்கேற்றபடி முன்னாளில் வண்டிகள் நிறுத்திய கட்டடம். அங்கே வாசித்த லாரி லெவனைப் பற்றிச் சொல்வார்கள்: இரவு தொடங்கும்போது சாதாரண ஊசி போட்டிருப்பாராம். கூட்டம் சேரச் சேர அதைவிட நல்லதை மாற்றுவாராம். விடியும் நேரத்துக்குத்தான் இருப்பதிலேயே உயர்ந்த ஊசி. அதே ஸ்பீக்கர், அதே பாட்டுகள். ஆனால் நான்கு மணி நேரமாக ஆடிக்கொண்டிருப்பவருக்கு ஓசை திடீரென்று துலங்கி, தன் காதுதான் திறந்துகொண்டது என்று தோன்றும். விருந்தில் நெய்யை முதல் கவளத்துக்கே ஊற்றிவிடுகிற நம் ஊர் வழக்கத்துக்கு நேர் எதிர். இதை முதன்முதலில் கேட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னிடம் இருந்தது ஒரே ஊசி.

நாங்கள் பள்ளியில் படித்த நாளில் தமிழ் இரண்டாம் தாளில் ஒரு கவிதையைக் கொடுத்து 'நயம் பாராட்டுக' என்று கேட்பார்கள். திரண்ட கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி என்று தலைப்புப் போட்டு எழுதினால் மதிப்பெண் உறுதி. மோனை முதலெழுத்தில், எதுகை இரண்டாம் எழுத்தில். ஒரு ஹவுஸ் டிராக்கை அப்படி வைத்துப் பார்த்தால், கிக் நான்கு தட்டிலும் விழுகிறது, முதல் தட்டிலிருந்தே, அது மோனை. கிளாப் இரண்டாவது தட்டில் விழுந்து நான்காவதில் திரும்ப வருகிறது. இரண்டாம் இடம், ஆகவே எதுகை. எங்கள் தமிழய்யாவுக்கு இந்த விடைத்தாளைக் கொடுத்தால் முழு மதிப்பெண் போடமாட்டார்தான், ஆனால் சிரித்திருப்பார்.

அந்தக் கிக்கையே கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ரோலண்ட் டி.ஆர். 909 என்ற தாளக் கருவி 1983இல் ஜப்பானில் வந்தது. செய்தது ஏறத்தாழ 10,000 கருவிகள்தான். அசல் டிரம்ஸ் மாதிரி இல்லை என்று அன்றைக்கு வாங்கியவர்கள் குறைபட்டார்கள், அதனால் அடகுக் கடைகளுக்கும் பழைய சாமான் கடைகளுக்கும் மலிவாக வந்து சேர்ந்தது. சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் காசில்லாத பையன்கள் அதை அள்ளினார்கள். இதன் கிக்கில் தோலும் கிடையாது, கட்டையும் கிடையாது. முதலில் ஒரு சின்ன 'டிக்', நகத்தால் மேசையைச் சுண்டினது போல. அதன் பின்னாலேயே ஒரு மின் அலை உயரத்திலிருந்து சரேலென்று கீழே இறங்குகிறது, கிணற்றில் கல் போட்டது மாதிரி. 'டிக்' காதுக்கு, இறக்கம் வயிற்றுக்கு. இரண்டும் சேர்ந்துதான் ஒரு தட்டு. டிக்கை மட்டும் குறைத்துவிட்டால் அதே கிக் பக்கத்து வீட்டுக் கல்யாணத்திலிருந்து கேட்பது போல ஆகிவிடும்.

ஹை-ஹாட் இன்னும் அழகு. 909இல் கிக், ஸ்னேர், கிளாப் எல்லாம் மின்சுற்றில் பிறப்பவை. ஹை-ஹாட்டும் சிம்பலும் மட்டும் அசல் உலோகத்தைத் தட்டிப் பதிவு செய்து சில்லில் ஏற்றியவை, அதுவும் 6 பிட்டில். இன்றைக்குப் பார்த்தால் கரடுமுரடான பதிவு. ஆனால் அந்தக் கரடுமுரடு ஓசைக்கு ஒரு மணல் தன்மையைக் கொடுத்துவிட்டது. எத்தனை ஸ்பீக்கர் நடுவிலும் அது தனியே தெரியும். திறந்த ஹாட்டும் மூடிய ஹாட்டும் அந்தக் கருவியில் ஒரே குரலைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 'த்ஸ்ஸ்' என்று திறந்தது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மூடியது வந்து 'ட்' என்று அதை அறுக்கும். ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் சரிபாதியில் இந்தத் திறப்பு விழுகிறது. கிக் உங்களைக் கீழே அழுத்துகிறது என்றால் இது தூக்கிவிடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் கூட்டம் ஆடுகிறது, பாட்டை அல்ல என்று சில இரவுகளில் எனக்கு உறுதியாகத் தோன்றும்.

டெட்ராய்ட்டின் ஜெஃப் மில்ஸ் 909ஐத் தனி வாத்தியமாகவே வாசிக்கிறார். 2004இல் 'எக்சிபிஷனிஸ்ட்' என்று ஒரு டிவிடி வெளியிட்டார். கேமராக்கள் அவர் கைகளின் மேலே. ஆட்டமில்லை, கூட்டமில்லை, லேசர் இல்லை. ஒரு மனிதர் டர்ன்டேபிள்களுக்கு நடுவே நின்று ரெக்கார்டுகளை எடுக்கிறார், வைக்கிறார், எடுக்கிறார். சில ரெக்கார்டுகள் ஒரு நிமிடம்கூட ஓடுவதில்லை. நான் அந்தப் பதிவை எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று எண்ணினால் வீட்டில் சண்டை வரும். அதில் கவனிக்க வேண்டியது கை செய்கிற வேலையை அல்ல, கை காத்திருப்பதை. ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடரின் மேல் ஒரு விரல் படாமல் மிதந்துகொண்டிருக்கும், தட்டாமல் நிற்கும் மிருதங்கக்காரரின் இடது கை மாதிரி. 909 முன்னால் வரும்போது கருவியின் கீழ் வரிசையிலுள்ள பதினாறு பட்டன்களில் ஒன்றை ஏற்றுகிறார், இரண்டை அணைக்கிறார். தாளம் ஓடிக்கொண்டேயிருக்க அதன் உள்ளிருந்தே அதை மாற்றிக் கட்டுகிறார். தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகிய காதுக்கு இதில் விளக்கம் எதுவும் தேவைப்படாது.

909க்கு முன்பே வந்த ஒரு அக்கா உண்டு: டி.பி. 303. 1981. பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் இல்லாதவர்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று செய்தது. பேஸ் கிட்டார் மாதிரி கொஞ்சமும் ஒலிக்கவில்லை. சிகாகோவில் ஃப்யூச்சர் என்ற குழு அதன் குமிழ்களைத் தாறுமாறாகத் திருகி 'ஆசிட் டிராக்ஸ்' என்று ஒரு பாட்டை உண்டாக்கியது, 1987இல் ரெக்கார்டாக வந்தது. அதற்கு முன்பே மியூசிக் பாக்ஸ் கிளப்பில் ரான் ஹார்டி அதை ஒரே இரவில் நான்கு முறை போட்டாராம். முதல் முறை கூட்டம் விலகிப் போனது, நான்காம் முறை வெறி பிடித்து ஆடியது. ஒரே பாட்டை நான்கு முறை! எனக்கு இரண்டாவது முறையிலேயே அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள்.

ஆனால் 303இன் உள்ளே ஸ்லைடு என்று ஒன்று இருக்கிறது. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகும். இதைக் கேட்டதும் நம் ஆளுக்கு என்ன தோன்றும்? மும்பையில் சினிமாப் பாட்டுகளுக்கு கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங்குக்கு அதுதான் தோன்றியது. 303, 808 தாளக் கருவி, ஜூபிட்டர் 8 சிந்தசைசர் மூன்றையும் வைத்துக்கொண்டு 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். சிகாகோ ரெக்கார்டுக்கு ஐந்து ஆண்டு முந்தியது. அன்று விற்கவில்லை. 2010இல் மறுபடி வெளிவந்தபோது உலகம் வாய் பிளந்தது. யார் முதல் என்ற சண்டையில் எனக்கு ருசி இல்லை. சிகாகோக்காரர்கள் இதைக் கேட்டே இருக்கமாட்டார்கள். நான் ருசிப்பது வேறு. சரண்ஜித்தின் அந்தப் பதிவில் மால்கௌன்ஸ் இருக்கிறது, நம் இந்தோளம். சுரம் அடுத்த சுரத்தின் மடியில் சாய்கிற இடங்களில் 303 வழுக்குகிறது. கமகமா என்று கேட்டால் இல்லை. அந்த வழுக்கல் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு, ஒரே நேரம். நாதஸ்வரக்காரர் ஒரே பிடியை இரண்டு முறை ஒரே மாதிரி வாசிக்கவே மாட்டார். இந்த இயந்திரம் வேறு மாதிரி வாசிக்கவே மாட்டேன் என்கிறது. ஐந்து நிமிடம் அதைக் கேட்டால் அந்தப் பிடிவாதமே ஒரு பாவமாகிவிடுகிறது.

இவ்வளவும் என் வீட்டு அறையின் கதை. பிழைப்பு வேறு. பிழைப்பு, எட்டரை மணிக்கு ரிசப்ஷன் மேடையோரம் தொடங்கிப் பத்து மணிக்கு முடிவது. பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம்; 9.55க்கே மண்டப மேனேஜர் வந்து கைக்கடிகாரத்தைக் காட்டுவார். பெர்லினில் சனிக்கிழமை தொடங்கும் இரவு திங்கள் காலை வரை ஓடுகிறது என்று படிக்கும்போது பொறாமையாகத்தான் இருக்கும். எனக்குக் கிடைப்பது தொண்ணூறு நிமிடம். அதில் முதல் இருபது நிமிடம் யாரும் கேட்காதது, எல்லோரும் சாப்பாட்டுப் பந்தியில். அந்த இருபது நிமிடத்தில்தான் எனக்குப் பிடித்ததைப் போடுவேன். "தம்பி, என்னப்பா இது, மிக்ஸி ஓடுற மாதிரியே இருக்கு" என்று ஒரு பெரியவர் போன மாதம் கேட்டார். தவறென்று சொல்லமுடியாது. 909 ஹாட்டை நான்கு முழம் தள்ளி நின்று கேட்டால் மிக்ஸிதான்.

ஒன்பதேகாலுக்கு மாப்பிள்ளையின் நண்பர்கள் வருவார்கள். "அண்ணா, குத்து போடுங்கண்ணா."

இங்கேதான் என் தொழிலின் மிகச் சின்ன, எனக்கு மிகவும் பிடித்த இடம் வருகிறது. ஹவுஸ் ஓடுவது சதுச்ரத்தில். ஒவ்வொரு தட்டுக்குள்ளும் தகதிமி, நான்கு நான்காக. குத்து திச்ரத்தில் ஓடுகிறது. ஒவ்வொரு தட்டுக்குள்ளும் தகிட, மூன்று மூன்றாக. வேகம் ஒன்றாகவே இருக்கலாம், கிக் அச்சாக மேல் விழலாம், ஆனாலும் இரண்டையும் சேர்த்து விட்டால் நான்கும் மூன்றும் உள்ளுக்குள் நெரியும். சோற்றில் கல் மாதிரி. சிங்க் பட்டனுக்கு இது தெரியாது, அதற்குத் தட்டு மட்டும்தான் தெரியும். அவசரக்காரர்கள் ஓடுவதை வெட்டிவிட்டு, ஒரு சைரனைப் போட்டு, குத்தைத் தொடங்குவார்கள். அதுவும் வேலை செய்யும். கூட்டம் கத்தும்.

நான் செய்வது இது. வேகம் பக்கத்தில் வருகிற குத்துப் பாட்டாகப் பார்த்து எடுத்துக்கொள்வேன். ஓடுகிற ஹவுஸிலிருந்து முதலில் ஹாட்டை உருவுவேன், பிறகு கிளாப், பிறகு பேஸ். கடைசியில் வெறும் கிக். தம். தம். தம். தம். உள்ளே ஒன்றும் இல்லாத கிக் எந்த நடையும் இல்லாதது. அது தகதிமியும் இல்லை, தகிடவும் இல்லை. கேட்கிறவரின் கால் கொஞ்ச நேரம் பழைய நடையையே உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருக்கும், பிறகு அதுவும் மறக்கும். அந்த மறதி வரும் இடத்தைக் கணித்து, எட்டாவது தட்டு முடிந்ததும் தப்பின் தகிடவை மெல்ல ஏற்றுவேன். அதே கிக், அதே வேகம். ஆனால் கூட்டத்தின் இடுப்பு வேறாகிவிடும். நேராக ஏறி இறங்கிக்கொண்டிருந்த உடம்புகள் பக்கவாட்டில் உருளத் தொடங்கும். பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும்.

ஒரு முகூர்த்த நாளில், மாப்பிள்ளை அழைப்பை முடித்துவிட்டு வண்டிக்காகக் காத்திருந்த தவில்காரர் ஒருவர் என் கன்சோல் பக்கத்தில் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அறுபதுக்கு மேல் இருக்கும். வலது கை விரல்களிலிருந்து கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு சின்ன டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். நான் நடை மாற்றியபோது அவர் கை நின்றது. கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்களின் கணுக்களில் நகர்ந்தது. பாட்டு பாதி போனதும் என் பக்கம் குனிந்தார்.

"எட்டு விட்டீங்க, தம்பி."

"ஆமாங்கய்யா."

"பதினாறு விட்டிருக்கணும்."

"அவ்ளோ நேரம் சும்மா விட்டா கூட்டம் நின்னுடுமேய்யா."

"நின்னா என்ன? திரும்ப ஆடாமயா போயிடுவாங்க?" என்றவர், என் மேசையில் கிடந்த ஒயர்களைப் பார்த்தார். "சின்ன பின் சார்ஜர் இருக்கா தம்பி? வண்டிக்காரன் கூப்பிடுவான், போன் செத்துப் போச்சு."

கொடுத்தேன். பத்து மணி வரை சார்ஜ் போட்டுக்கொண்டு போனார். வேறெதுவும் பேசவில்லை.

பதினாறு தட்டு என்பது 128இல் ஏழரை விநாடி. வீட்டில், யாரும் இல்லாதபோது, பதினாறு விடுகிறேன், முப்பத்திரண்டுகூட விடுகிறேன். சிவப்பு விளக்கில் புள்ளிகள் நிற்க, கிக் மட்டும் சுவரில் மோதித் திரும்பும். மண்டபத்தில் இன்னும் முடியவில்லை. போன வாரம் பன்னிரண்டு வரை போனேன். பன்னிரண்டாவதில் முன்வரிசையிலிருந்த ஒரு பாட்டி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஃபேடர் ஏறிவிட்டது.